வாடைக்காலத்தில் மிதக்கும் தவளை: உன்னிச்சை விராலும் மேல்நீர் லூரும்

2022 டிசம்பர் இரண்டாம் கிழமை, மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது, இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்துச் செத்தன. பனி விழும் நாடல்ல இது. ஆனாலும் நாள் முழுக்க நனைந்த தோலில் காற்று அடித்தபடியே இருந்தால், மாட்டின் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்ற முடியாமல் விழுந்துவிடும்.

அதே நாட்களில் மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்துக்குள் கிடந்த விராலுக்கு அப்படி விறைக்கக் காரணமில்லை. காப்பாற்ற வேண்டிய உடம்புச் சூடு என்று அதற்கு ஒன்று கிடையாது. தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அந்தச் சூட்டில் அதுவும் இருக்கும். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு ஒரு கிழமைக் குளிருக்குச் சில பாகைதான் இறங்கும். அப்படியானால் "குளிருக்கு மீன் மேல வராது" என்று நம் பக்கத்தில் சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்கிறோம்? வாடைக்காலத்தில் நீரின் மேல் மிதக்கும் லூரை, அதாவது செயற்கை இரையை, வீசுவது வீண் வேலையா? சில வருடங்களாக இந்தக் கேள்வியோடு அந்தக் குளக்கரையில் நடந்து திரிகிறேன். இதைப் பற்றி மற்ற நாடுகளில் தெரிந்திருப்பதையும் இங்கே கண்டதையும் சேர்த்துப் பார்க்க இந்தக் கட்டுரை.

கேள்வியைக் கிளப்பிவிட்டது ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் அனுப்பிய ஒரு பெட்டி. உள்ளே இரண்டு றப்பர் தவளைகள், வாயில் வளைந்த தகடு பூட்டிய ஒரு ஜிட்டர்பக், சுருட்டு வடிவில் ஒரு ஸ்பூக். அவன் அங்கே கோடையில் ஏரி ஏரியாகப் போய் பாஸ் மீனுக்கு வீசுகிறவன். தொலைபேசியில் அவன் சொன்ன முதல் புத்தி இது: "தண்ணி அறுபது பாகைக்குக் கீழ இறங்கினா மேல்லூரை எல்லாம் பெட்டியில போட்டு மூடு மச்சான்." அறுபது என்றது பாரன்ஹீட்டில். நம் கணக்கில் ஏறத்தாழ 15.5 பாகை செல்சியஸ். உன்னிச்சைத் தண்ணீர் எந்த மார்கழியிலும் அந்த அளவுக்கு இறங்காது. ஆனால் அவனுடைய விதியைச் சிரித்துத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது.

அமெரிக்கர்கள் சொல்லும் கதைப்படி, மிச்சிகன் மாநிலத்து டொவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் 1898 அளவில் ஒரு நாள் மில் குளத்தருகே நண்பருக்காகக் காத்திருந்தபோது, கையிலிருந்த மரத்துண்டைச் செதுக்கித் தண்ணீரில் எறிந்தாராம். பாஸ் ஒன்று பாய்ந்து அதை அடித்ததாம். கதை எவ்வளவு மெய்யோ தெரியாது, ஆனால் அவர் மரத்தில் தவளைகளைச் செதுக்கியதும், பிறகு அவர் குடும்பம் நடத்திய தொழிற்சாலை லூர் உலகத்தின் பெரிய பெயர்களில் ஒன்றானதும் மெய். 1930களின் இறுதியில் ஒஹாயோவின் ஃப்ரெட் ஆர்போகாஸ்ட் ஜிட்டர்பக்கைக் கொண்டுவந்தார். மெதுவாக இழுத்தால் 'பொளக், பொளக்' என்று தண்ணீரை உதைத்துக்கொண்டு வரும் சாமான் அது, இருட்டு நேரத்துக்கென்றே பேர்போனது. அதே காலத்தில் ஹெடன் கம்பனி தன் பழைய மரச் சுருட்டைப் பிளாஸ்ரிக்கில் வார்த்து ஸ்பூக் ஆக்கியது.

இந்த லூர்கள் எல்லாவற்றுக்கும் இலக்கு பெருவாய் பாஸ். பெயர் பாஸ் என்றாலும் அது கடல் பாஸ்களின் இனமல்ல, வட அமெரிக்க நன்னீரில் வாழும் சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. 25 பாகைக்கு மேற்பட்ட தண்ணீரில் நன்றாக ஓடித் தின்னும். தண்ணீர் பத்துப் பாகை குறைந்தால், குளிர்ந்த இரத்தப் பிராணியின் உடம்புக்குள் நடக்கும் வேலைகள் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறைந்துவிடும். இது மீனுக்கு மட்டுமல்ல, பல்லிக்கும் பூச்சிக்கும் பொதுவான கணக்கு. வெயில் காலத்தில் ஒரு நாளில் செரிக்கிற இரை, குளிரில் நாட்கணக்கில் வயிற்றில் கிடக்கும். பசி குறைகிறது, தசை மந்தமாகிறது. மேலே கிடக்கிற ஒன்றுக்காக ஆழத்திலிருந்து பாய்ந்து வருவதற்குச் செலவாகும் பலம், கிடைக்கப்போகும் இரைக்குப் பெறுமதி இல்லாமல் போகிறது. அதனால் பாஸ் ஆழத்தில் அசையாமல் கிடக்கும். 10 பாகைக்குக் கீழே மேல்லூரில் மீன் பிடிப்பது அங்கே அருமையான சங்கதி.

ஆனால் விதிக்கு விலக்குகளையும் அங்குள்ளவர்களே சொல்கிறார்கள், எனக்கு அந்த விலக்குகள்தான் விதியை விடப் பிரயோசனமாகத் தெரிகின்றன. தெளிந்த வானத்தோடு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பின்னேரம், காற்றுக்கு மறைவான ஆழமில்லாத மூலையில், மேல்தண்ணீர் மட்டும் கொஞ்சம் சூடேறியிருக்கும். அங்கே மீன் ஏறி நிற்கும். இலையுதிர் காலத்தில் சிறுமீன் கூட்டங்கள் மேற்பரப்பில் ஓடும்போது, தண்ணீர் குளிர்ந்தாலும் பாஸ் அவற்றின் பின்னால் வந்து மேலே அடிக்கும். லூரை எறிந்து, வளையங்கள் அடங்கும் வரை விட்டு, சற்று அசைத்து, மறுபடியும் விட்டுவிடுகிறவனுக்கு அப்படியான நாளில் மீன் கிடைக்கும். இவற்றில் எதுவும் வெப்பமானியின் ஒரு கோட்டைப் பற்றிப் பேசவில்லை. எந்த நேரம், எந்த மூலை, இரை எங்கே என்றுதான் பேசுகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

உன்னிச்சையில் பெருவாய் பாஸ் இல்லை. மட்டக்களப்பு வாவியில் கொடுவா இருக்கிறது, அதன் ஆங்கிலப் பெயரே 'ஏசியன் சீ பாஸ்'. ஆனால் குளத்தில் மேல்லூரை அடிக்கும் மீன் என்றால் அது விரால். பாஸ் மீனுக்கென்று செய்த தவளை லூர் இன்று தெற்காசியா முழுவதும், தாய்லாந்து மலேசியா வரைக்கும், விரால் இனங்களுக்கே அதிகம் வீசப்படுகிறது. இரண்டும் ஒரே மாதிரி வேட்டைக்காரர்கள். இலைக்கடியிலும் புல்லுப் பத்தைக்குள்ளும் மறைந்து கிடந்து, மேலே போகிறதை ஒரே பாய்ச்சலில் விழுங்குகிறவை.

மேல்நீர்த் தூண்டில் நமக்குக் கனடாவிலிருந்து வந்த புது வித்தையுமல்ல. உயிர்த் தவளையின் தொடையில் தூண்டிலைக் கோத்து, நீண்ட கம்பின் நுனியிலிருந்து தாமரை இலைகளுக்கிடையே மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்து விரால் பிடிப்பது, மட்டக்களப்பின் குளங்களிலும் தமிழ்நாட்டின் ஏரிகளிலும் பழைய வழக்கம். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தோமஸ் 1887இல் இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார், விராலும் அதில் உண்டு. டொவாஜியாக்கில் மரத்தவளை செதுக்கப்படுவதற்கு முந்திய காலம் அது. உயிர்த் தவளைக்குப் பதில் றப்பர் தவளை வந்ததில் எனக்கு மனநிறைவே. தொடையில் முள் ஏறிய தவளை துடிப்பதை ஒரு தரம் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரியும்.

சரி, உன்னிச்சையில் குளிர் என்பது என்ன? மட்டக்களப்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை. அதில் 1,000 மில்லிமீற்றர் அளவு நவம்பர், டிசம்பர், ஜனவரி என்ற மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. டிசம்பர் ஒன்றுக்கே 400க்கு மேல். கோடையில் கச்சான் காற்று தரையை வறுத்தெடுக்கும்போது 33 பாகை வரை போகிற பகல், இந்த மாதங்களில் 28 அளவில் நிற்கும். இரவு 23க்குப் பக்கத்தில். குளத்துத் தண்ணீரிலும் கோடைக்கும் மாரிக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் ஆறேழு பாகைதான். பெருவாய் பாஸ் மீனுக்கு இது கொண்டாட்டமான சூடு. விரால் வெப்பவலய மீன் என்பதால் 25 பாகையில் கொஞ்சம் மந்தப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மந்தம் மட்டும் மேல்லூரைச் சாகடிக்கப் போதாது.

சாகடிப்பது வெள்ளம்.

ஐப்பசிக் கடைசியில் முதல் பெருமழை விழுந்து காட்டாறுகள் குளத்துக்குள் இறங்கும்போது, மீன் குளத்தில் நிற்பதில்லை. புதுத்தண்ணீர் வாசத்துக்கு எதிரேறும். வாய்க்கால் வழியாக, வரம்பு தாண்டி, உழுது விட்ட வயல் வட்டைக்குள்ளும், காடு மூழ்கிய ஓரங்களுக்கும் விரால் பரவிவிடும். ஈரம் இருந்தால் தரையில் நெளிந்து போகவும் அதற்குத் தெரியும். அந்தக் கிழமைகளில் மண்புழுவும் பூச்சியும் மழைத் தவளையும் எங்கும் மிதக்கின்றன. பசித்த மீன் அரிது. கோடை முழுக்கத் தாமரைக்கடியில் நெருங்கிக் கிடந்த மீன்கள், இப்போது பத்து மடங்கு பரப்பில் சிதறியிருக்கின்றன. நாம் வழக்கமாக நிற்கிற குளக்கட்டில் நின்று வீசிவிட்டு "குளிருக்கு மீன் கிடக்குது" என்கிறோம். அது கிடக்கவில்லை. அங்கே இல்லை.

மார்கழியில் இன்னொரு தடை. குளம் நிரம்பி வான் கதவுகள் திறக்கப்படும் நாட்களில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும். வாடைக்காற்று நாள் முழுக்கத் திறந்த நீரில் அலை எழுப்பும். கலங்கிய தண்ணீரில் மேலே போகிற தவளையின் நிழல் கீழே தெரியாது, அலையில் அதன் அசைவும் கரைந்துவிடும். விராலுக்குப் பக்கவாட்டுக் கோட்டில் அதிர்வை உணரும் புலன் உண்டு, ஆகவே ஓசை எழுப்புகிற லூருக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. ஆனாலும் வான் பாயும் நாட்களில் குளக்கரைக்குப் போவதை நான் விட்டுவிட்டேன். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊர் இது. திறந்த வான் கதவின் கீழ்ப்பக்கத்தில் நிற்பவனைத் தண்ணீர் எடுத்துப்போக ஒரு நொடி போதும்.

மிச்சம் இருப்பது தை, மாசி. மழை விட்டு விட்டுப் பெய்து ஓயும், தண்ணீர் தெளியும், வயலில் வேளாண்மை எழும்பி நிற்கும், விடியலில் பனி மூட்டம். வருடத்திலேயே குளிர் மிகத் தெரிகிற விடியல்கள் இவைதான். உன்னிச்சையில் மேல்லூருக்கு ஆகச் சிறந்த கிழமைகளும் இவைதான் என்பது என் முடிவு. நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் குளக்கட்டில் சந்தித்த ஒரு பெரியவர். வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், விடியற்காலை ஆறு மணிக்கே நான் வீசி வீசிக் களைத்து நிற்பதைக் கண்டு நின்றார்.

"மனே, இப்ப எறிஞ்சி கையத்தான் நோக வைப்பாய். வெயில் தாமரையில விழட்டும். அது மூச்சு விட வரும். வந்த இடத்தப் பாத்து வெச்சிக்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கட்டில் குந்தியிருந்தேன். ஒன்பது மணி தாண்டி, மரங்களுக்கு மேலால் வெயில் இறங்கித் தாமரைப் படுகையின் கரைப்பக்கத்தைத் தொட்டது. சற்று நேரத்தில் இலைகளுக்கிடையே 'ப்ளக்' என்று ஒரு சத்தம். திலாப்பியா மேலே தொடும்போது ஒரு மெல்லிய வளையம் மட்டும் எழும். இது வேறு. தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படுகிற சத்தம், பிறகு அந்த இடத்தில் மூன்று நான்கு குமிழிகள், அவற்றுக்குப் பக்கத்தில் ஓர் இலைக்காம்பு மெல்ல ஆடி நின்றது. விரால் எந்தப் பக்கம் திரும்பிப் போனது என்பதை அந்தக் காம்பு காட்டிவிடும்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, அதனால் காற்றை நேரே சுவாசிக்கிறது. மேலே வர விடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். பாஸ் மீனுக்கும் விராலுக்கும் குளிர்கால விடயத்தில் இருக்கிற பெரிய வேறுபாடு இதுதான். பாஸ் குளிர்ந்தால் ஆழத்துக்குப் போய் அங்கேயே மாதக்கணக்கில் இருந்துவிடலாம், மேற்பரப்போடு அதற்கு வேலை இல்லை. விரால் எந்தக் குளிரிலும் மேற்பரப்பை விட்டுப் போக முடியாது. குளிர்ந்த தண்ணீரில் உடம்புக்குக் காற்று குறைவாகத் தேவைப்படும், கரைந்த ஒட்சிசனும் கூடுதலாக இருக்கும், அதனால் வருகிற தடவைகள் குறையும். ஆனால் வரும். மேலே தெரிகிற ஒவ்வொரு மூச்சும் மீனின் முகவரி. கோடையில் இடம் தெரியாமல் வீசினாலும் அடிபடும். தை மாதத்தில் மூச்சைப் பார்த்துத்தான் வீச வேண்டும்.

வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதன் காரணமும் தெளிவானது. தெளிந்த இரவில் மேல்தண்ணீர் தன் சூட்டை வானத்துக்கு விடுகிறது. குளிர்ந்த தண்ணீர் கனமானது, கீழே இறங்கும். ஆழமான இடத்தில் கீழே இருக்கிற சூடான தண்ணீர் மேலே வந்து கலந்துவிடும். முழங்கால் ஆழக் கரையோரத்தில் கலப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே விடியலில் குளம் முழுவதிலும் ஆகக் குளிர்ந்த இடம் தாமரை நிற்கும் கரையோரமே. வெயில் ஏறியதும் அதுவே முதலில் சூடேறும். கோடையில் விடியலும் அந்தியும் நல்ல நேரம், நடுப்பகல் வெறுமை. தையில் அது தலைகீழாகிக் காலை ஒன்பதரையிலிருந்து மதியம் வரையும், பிறகு மூன்று மணி அளவிலும் மீன் கரையேறி நிற்கிறது. வாடை வடகிழக்கிலிருந்து வருவதால், வடக்கும் கிழக்குமான கரைகளில் மரம் நிற்கும் இடம் காற்றுக்கு மறைவு. தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். பாஸ் விதிக்கு மேலே சொன்ன விலக்குகளில் முதலாவதும் இதுதான்: மறைவான, ஆழமில்லாத, வெயில் விழுந்த மூலை.

இந்த நேரக் கணக்கில் இன்னொரு நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் உன்னிச்சைச் சுற்றாடலில் யானை நடமாட்டம் அதிகம். வேளாண்மைக்கு இறங்கிய யானைகள் காட்டுக்குத் திரும்பும் நேரம் அது. ஒன்பது மணிக்குப் போகிறவன் அந்த வழியைத் தவிர்த்துக்கொள்கிறான். ஆபத்து முதலை. அதுவும் குளிர்ந்த இரத்தப் பிராணி, குளிர்ந்த இரவுக்குப் பிறகு வெயில் காய வேண்டும். அது தேடுவதும் காற்று மறைவான, வெயில் விழுந்த அதே கரையைத்தான். மீன் நிற்கும் இடத்தையும் முதலை ஏறும் இடத்தையும் ஒரே காரணம் தீர்மானிக்கிறது. அதனால் தையில் நான் தண்ணீருக்குள் கால் வைப்பதில்லை. கரையிலிருந்து நாலடி பின்னால் நின்றுதான் வீசுவது. சிக்கிய லூரை எடுக்கத் தாமரைக்குள் இறங்குவதுமில்லை.

லூரைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. உள்ளே வெறுமையான மென்மையான றப்பர் தவளை, முதுகோடு ஒட்டியபடி மேல்நோக்கிய இரட்டை முள், புல்லில் சிக்காது. மங்கலான வானத்துக்குக் கறுப்பு நல்லது, கீழிருந்து பார்க்கிற கண்ணுக்கு நிழல் தெளிவாகத் தெரியும். ஜிட்டர்பக்கின் மும்முள் தாமரையில் மாட்டிக்கொள்ளும், திறந்த நீருக்குத்தான் உதவும். ஸ்பூக்கும் அப்படியே. பலமான பின்னல் நூல் வேண்டும், மெல்லிய தங்கூசி காம்புகளுக்கிடையே அறுந்துபோகும்.

வேலை எல்லாம் வீசிய பிறகுதான். மூச்சு விட்ட இடத்தின் மேலே போடாதீர்கள், அதற்கு இரண்டு மூன்று அடி அப்பால், ஆடிய காம்பின் திசையில் ஓர் இலை மேல் விழவிட்டு, இலையிலிருந்து தண்ணீருக்கு மெல்லச் சரியவிடுங்கள். பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். கோடையில் இரண்டு விநாடி விட்டால் போதும். தையில் பதினைந்து, இருபது என்று எண்ணுகிறேன். விரல் நுனியால் நூலைத் தட்டினால் தவளையின் காலில் கட்டிய றப்பர் இழைகள் மட்டும் விரியும், தவளை நகராது. பெரும்பாலும் அப்போதுதான் தண்ணீர் குழிந்து உள்ளே போகும். அடித்த கணமே இழுத்தால் குளிர்ந்த தண்ணீரில் தவளை மட்டுமே திரும்பி வரும், மீன் இன்னும் வாயை முழுக்க மூடியிருக்காது. ஒன்று, இரண்டு என்று சொல்லி, நூல் இறுகுவதைக் கையில் உணர்ந்த பிறகே இழுக்க வேண்டும். தவற விட்டால் அதே இடத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். குளிரில் மீன் உடனே ஓடிவிடுவதில்லை, இரண்டாம் தரம் அடிக்கிற வாய்ப்பு கோடையை விடக் கூட.

இனி நான் மிகுந்த கவனத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. மாரிகாலத்திலும் மேல்லூருக்கு விரால் அடிக்கும் என்பதற்குச் சான்றாகப் பலர் கார்த்திகை மார்கழிப் பிடிகளைக் காட்டுகிறார்கள். வயலோர வாய்க்காலில், வெள்ளம் நின்ற பள்ளத்தில், போட்ட உடனே அடி, விட்டால் மறுபடி அடி. மேலே நான் சொன்ன வெள்ளக் கணக்குக்கு இது முரண் போலத் தோன்றும். அந்த மீன் ஏன் அடித்தது என்று கேட்டால்தான் விடை தெரியும்.

விரால் மழையோடு முட்டை இடுகிறது. செடிகளுக்கிடையே கொஞ்ச இடத்தைத் துப்புரவாக்கி, மிதக்கும் முட்டைகளை விட்டு, தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சு பொரித்த பிறகும் காவல் நீங்குவதில்லை. குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், ஒரு பாய் அகலத்துக்கு, ஒரே கூட்டமாகத் திரியும். அவையும் காற்று விட மேலே வரவேண்டும், ஆயிரம் வாய்கள் ஒன்றாகத் தொடும்போது, மழை இல்லாத இடத்தில் அந்தப் பாய் அளவுக்கு மட்டும் தூறல் விழுவது போலத் தெரியும். அதன் கீழே இரண்டு பெரிய விரால் நிற்கிறது என்று அர்த்தம். அந்தத் தூறல் மேல் தவளை விழுந்தால் அது அடிக்கும். பசியால் அல்ல. குஞ்சைத் தின்ன வந்த எதிரி என்று நினைத்து அடிக்கிறது. எந்தக் குளிரிலும் அடிக்கும், எந்த லூருக்கும் அடிக்கும். லூரின் திறமையைப் பற்றி அந்த அடி ஒன்றும் சொல்வதில்லை.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. அப்படி ஒரு கூட்டத்தின் மேல் வீசி, பெரிய விரால் ஒன்றைக் கரைக்கு எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது செம்மஞ்சள் பாய் கலைந்துகொண்டிருந்தது. அதன் ஓரங்களில் சிறு மீன்கள் பாய்ந்து பாய்ந்து கொத்தின. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்தத் தூறல் இரண்டாகப் பிரிந்து, மெலிந்து, புல்லுக்குள் போய்விட்டது. கையில் இருந்த மீனைத் திரும்ப விட்டேன். அது தன் கூட்டத்தோடு மறுபடி சேர்ந்ததோ இல்லையோ, அன்றிலிருந்து அப்படி ஒரு மீனுக்கு நான் வீசியதில்லை.

பாஸ் உலகத்திலும் இதே கதைதான். பெருவாய் பாஸின் ஆண் மீன் வசந்தத்தில் கூடு கட்டிக் காவல் நிற்கிறது. ஒன்ராறியோவின் ஒப்பினிக்கன் ஏரியில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையத்தை மையமாக வைத்து நடந்த நீண்டகால ஆய்வுகள், காவல் மீனைத் தூண்டிலில் சற்று நேரம் எடுத்தாலே சின்னச் சூரியமீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுவதைக் காட்டின. தெற்கு ஒன்ராறியோவில் வசந்தத்தில் பாஸ் பருவம் மூடப்படுவது இந்தக் கூட்டுக் காலத்துக்காகத்தான். மச்சானுடைய 15.5 பாகையை மறுபடி பாருங்கள். வசந்தத்தில் பாஸ் கூடு கட்டத் தொடங்குகிற சூடும் ஏறத்தாழ அதுவே. இலையுதிர் காலத்தில் அதே சூட்டில் மேல்லூரை அடிக்கிற மீன் பசியால் அடிக்கிறது. வசந்தத்தில் அடிப்பது கூட்டுக்காகவும் இருக்கலாம். வெப்பமானி இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். "இத்தனை பாகையில் மேல்லூர் வேலை செய்கிறது" என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம், அது எந்தப் பருவத்து அடி என்று கேட்டுக்கொள்வது நல்லது. நம் குளத்துக்கு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது, ஏனென்றால் இங்கே குளிரும் குஞ்சுக்காலமும் ஒன்றன் மேல் ஒன்றாக வருகின்றன. கார்த்திகை மார்கழிப் பிடிகளில் காவல் மீன்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சொற்பம். தையிலும் பிந்திய கூட்டங்கள் தென்படுவதுண்டு, செம்மஞ்சள் கண்டால் வேறு மூலைக்கு நடந்துவிடுவதுதான் வழி.

வாவிப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உன்னிச்சையின் வான் தண்ணீர் கடைசியில் மட்டக்களப்பு வாவிக்குள்ளேயே இறங்குகிறது. மாரியில் வாவி பெரும்பாலும் நன்னீராகி, பாலமீன்மடு முகத்துவாரம் கடலுக்குத் திறக்கும்போது, ஓட்டத்தோடு வரும் சிறுமீனைத் தேடிக் கொடுவா அங்கே கூடும். கொடுவா குளிரை விராலை விட மோசமாக உணர்கிற மீன். அவுஸ்திரேலியாவில் தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் அது வாய் திறப்பதே அரிது என்பார்கள். நம் வாவி அந்த அளவுக்கு இறங்காததால் மாரியிலும் அது தின்னும், ஆனால் ஓட்டத்திலும் கலங்கலிலும் மேல்லூரை விட மூழ்குகிற லூருக்கே அதிகம் படும். தெளிந்த பிறகு, மாசிக்குப் பின், பாலங்களின் வெளிச்சத்தில் இரவில் மேல்லூருக்கு அடிக்கும் கொடுவா ஒரு தனிக் கட்டுரைக்கு உரியது.

கரையில் நிற்கிறவர்களுக்கு இன்னொன்று. உன்னிச்சை வயலுக்கு மட்டுமான குளமல்ல. இதன் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகர வீடுகளின் குழாய்களுக்குப் போகிறது. அறுந்த பின்னல் நூல் அழுகாது, கொக்கின் காலில் சுற்றும், தண்ணீர் குடிக்க இறங்கும் எருமையின் வாய்க்குள் முள் ஏறும். ஈயக் குண்டு மிதக்கும் தவளைக்குத் தேவையே இல்லை. நான் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறேன். நூலை இறுக்கமாக வைத்திருந்தால் மீன் தப்புவதில்லை, விட வேண்டிய மீனை ஒரு நொடியில் கழற்றலாம். குளத்தில் தோணியோடு வலை விரிக்கிறவர்களுக்கு மீன்தான் சோறு. அவர்களின் மிதவைகள் தெரிகிற பக்கம் வீசக் கூடாது.

மச்சான் அடுத்த மாசிக்கு வருகிறான். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே, விடியல் நாலரைக்கு எழும்பிப் போக வேண்டுமா என்று கேட்டிருந்தான். வீட்டில் ஆறுதலாகப் பிட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாமரையைத் தொடுகிற நேரத்துக்குப் போய் நின்றால் போதும் என்று எழுதியிருக்கிறேன். பெட்டியில் அந்தக் கறுப்புத் தவளை இன்னும் இருக்கிறது, ஒரு கால் இழைகள் கடிபட்டுப் பாதியாகியிருக்கின்றன. வரும்போது புதிதாக இரண்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், கறுப்பிலேயே.